பழைய கணினியும் புதிய கணினியும் பேசிக்கொள்ள மறுப்பது ஏன்? வீட்டுக்குள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்வது பற்றி ஒரு விளக்கம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. பழைய கணினி அதற்காக வெளியே போய்விடவில்லை. குடும்பப் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த வேலைகள் அதில்தான் ஒழுங்காகத் திறக்கும். கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி இன்னும் நன்றாக உழைக்கிற பிரிண்டர்கள் அதில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன.

இரண்டையும் ஒரே ரவுட்டரில் இணைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் புதிய கணினியின் பட்டியலில் பழையது தெரியாது. தெரிந்தாலும் பாஸ்வேர்டு கேட்டு மறுக்கும். பிரிண்டரைச் சேர்க்கப் போனால் புரியாத எண்ணோடு ஒரு பிழை வரும். வழி தேடினால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் யோசனை, "எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள்" என்பது. கணினிகள் கோப்பு பகிரப் பயன்படுத்தும் விதிமுறையின் பழைய பதிப்பு அது. பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் சில வீடுகளிலும் அதில் பாதியை மட்டும் ஆன் செய்தால் போதும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பகிர்வு என்றால் உள்ளே என்ன நடக்கிறது

ஒரு ஃபோல்டரை ஷேர் செய்யும் கணினி சர்வர். அதை வெளியிலிருந்து திறந்து பார்க்கும் கணினி கிளையன்ட். இதற்கென்று வீட்டில் தனி சர்வர் வேண்டியதில்லை. ஒரே கணினி இரண்டு வேலையையும் பார்க்கும். யார் சர்வர், யார் கிளையன்ட் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி பற்றிப் பேசும்போது எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

இரண்டும் பேசிக்கொள்ளப் பயன்படும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து விண்டோஸுக்குள் வளர்த்தது. லினக்ஸ் கணினிகளும் இதே நெறிமுறையில் பேச உதவுவது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்தபோது ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. எஸ்எம்பியின் தலைமுறைகள் இவை:

1. எஸ்எம்பி 1. விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இது ஒன்றுதான் தெரியும்.
2. எஸ்எம்பி 2. விண்டோஸ் விஸ்டாவோடு 2006-இல் வந்தது. விண்டோஸ் 7-இல் இருப்பது இதன் 2.1 பதிப்பு.
3. எஸ்எம்பி 3. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருப்பது 3.1.1.

இரண்டு கணினிகள் இணையும்போது, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த பதிப்புகளில் உயர்ந்ததைத் தாமே தேர்ந்துகொள்ளும். விண்டோஸ் 11-க்கு 2.1-உம் தெரியும் என்பதால், விண்டோஸ் 7-உடன் 2.1-இல் பேசிவிடும். எக்ஸ்பியோடு பேச எஸ்எம்பி 1 வேண்டும். அது புதிய கணினியில் இல்லை.

## எஸ்எம்பி 1 ஏன் அகற்றப்பட்டது

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, எஸ்எம்பி 1-இல் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தும் தாக்குதல் கருவியை வைத்திருந்தது. அதன் பெயர் எட்டர்னல் ப்ளூ. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று, எம்எஸ்17-010 என்ற எண்ணில் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு அந்தக் கருவியைப் பொதுவெளியில் போட்டது. மே 12 அன்று வான்னாக்ரை பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளும் அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போயின. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே ஆதரவு முடிந்திருந்தும், நிலைமையின் தீவிரம் கருதி அதற்கும் திருத்தம் வெளியிட்டது மைக்ரோசாஃப்ட்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வான்னாக்ரை பிடித்த கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7. எனவே இயங்குதளத்தின் வயதைவிட, எஸ்எம்பி 1 சர்வர் திறந்திருப்பதும் திருத்தம் நிறுவப்படாமல் இருப்பதும்தான் பெரிய ஆபத்து. யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே, 445 என்ற போர்ட் (நெட்வொர்க்கில் எஸ்எம்பி பயன்படுத்தும் வாசல் எண்) வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகத் தாவியது.

எஸ்எம்பி 1-ஐக் கைவிடும்படி மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே சொல்லி வந்தது. 2017 இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அதன் சர்வர் பகுதி புதிய நிறுவல்களில் இல்லை. கிளையன்ட் பகுதி இருந்தாலும், கணினி இயங்கும் 15 நாட்களுக்கு யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் தானாக நீங்கிவிடும். சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் இதை இயல்பாகவே அணைத்தது.

விண்டோஸ் 7-உடன் அறிமுகமான ஹோம்குரூப் வேறு கதை. வீட்டுக் கணினிகளை ஒரு பாஸ்வேர்டு போட்டு எளிதாக இணைத்த அந்த வசதி 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் எடுக்கப்பட்டது. அதைத் தேட வேண்டாம்.

## விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பழைய கணினியில் இருப்பது விண்டோஸ் 7, 8 அல்லது 10 என்றால் எஸ்எம்பி 1-ஐத் தொடவே வேண்டாம். உங்கள் சிக்கல் வேறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

1. பட்டியலில் தெரியவில்லை. தெரிவது ஒன்று, சென்று சேர முடிவது வேறு. பழைய விண்டோஸில் பக்கத்துக் கணினிகளின் பட்டியலைத் தொகுத்த சேவை எஸ்எம்பி 1-ஐச் சார்ந்திருந்தது. அது போனதும் இதுவும் போனது. இப்போதைய பட்டியல் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறொரு முறையில் உருவாகிறது. அதற்கு 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற சேவை ஓட வேண்டும். சர்வீசஸ் பகுதியில் அதை 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்' என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டியல் இல்லாமலும் மற்ற கணினிக்குப் போய்ச் சேரலாம்: ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்பது போல, இரண்டு பின்சாய்வுக் கோட்டுக்குப் பிறகு மற்ற கணினியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை) தட்டி என்டர் அழுத்துங்கள். திறந்தால் பகிர்வு நன்றாக இருக்கிறது, பட்டியலில்தான் கோளாறு. முகவரி அடிக்கடி மாறாமல் இருக்க ரவுட்டரிலேயே அந்தக் கணினிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஐபி வழியாகவும் திறக்காவிட்டால் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். விண்டோஸ் 11 புதிய வைஃபையைப் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். ரயில் நிலைய வைஃபைக்கு அது சரி. வீட்டு வைஃபைக்கு 'பிரைவேட்' என்று மாற்றினால்தான் ஃபயர்வால் பகிர்வை அனுமதிக்கும். ஃபயர்வாலை முழுதாக அணைக்காதீர்கள்.

2. பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. வீடுகளில் மிக அதிகமாக நேரம் வீணாவது இங்கேதான். புதிய லேப்டாப்பைத் திறக்க நாம் தினமும் தட்டுவது பின் எண். அந்த எண் அந்த லேப்டாப்புக்குள் மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் கணினி கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டு நினைவில் இருப்பதே இல்லை. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

இதற்குச் சிறந்த வழி, ஃபோல்டரைப் பகிரும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு (அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு) உருவாக்குவது. பெயர் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கட்டும், நிர்வாகி உரிமை வேண்டாம், ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். மற்ற கணினியிலிருந்து நுழையும்போது முதலில் சர்வர் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அப்புறம் இந்தக் கணக்கின் பெயர் என்று கொடுங்கள். ஒருமுறை சேமித்துவிட்டால் கிரெடென்ஷியல் மேனேஜர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

உள்ளே நுழைந்தும் ஒரு ஃபோல்டர் திறக்கவில்லையா? ஷேரிங் பகுதியில் ஒரு அனுமதிப் பட்டியல் உண்டு, செக்யூரிட்டி பகுதியில் இன்னொன்று உண்டு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். இரண்டிலும் அந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும்.

3. நேற்றுவரை வேலை செய்தது, அப்டேட்டுக்குப் பிறகு இல்லை. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ முதலிய பதிப்புகளில் இரண்டு விதிகளை இறுக்கியது. ஒன்று, எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம். அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியிலும் பாஸ்வேர்டிலிருந்து உருவான ஒரு திறவுகோலால் கணக்கிட்ட குறி இருக்கும். வழியில் யாராவது செய்தியை மாற்றினால் குறி பொருந்தாது, இணைப்பு அறுந்துவிடும். இரண்டாவது, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத விருந்தினர் நுழைவு கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவைதான். விருந்தினருக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே திறவுகோல் இல்லை, ஆகவே கையொப்பமும் இல்லை.

'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை அணைத்துவிட்டு வருடக்கணக்கில் பகிர்ந்து வந்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். ரவுட்டரில் யுஎஸ்பி டிஸ்க்கை மாட்டிப் பாஸ்வேர்டு இல்லாமல் பயன்படுத்தியவர்களுக்கும் இதே நிலைதான். ஒரு லேப்டாப்பில் திறக்கிற ஃபோல்டர் இன்னொன்றில் திறக்காமல் போவதற்கு, ஒன்று ஹோம், மற்றது புரோ என்பதும் காரணமாக இருக்கலாம். கையொப்பத்தை அணைக்கும் கட்டளைகள் கிடைக்கும். அவற்றைத் தேட வேண்டாம். மேலே சொன்ன தனிக் கணக்கை உருவாக்கினாலே விண்டோஸ் 7 கையொப்பமிட்டுப் பேசும். ஐந்து நிமிட வேலையில் சிக்கலும் தீரும், பாதுகாப்பும் போகாது.

## எக்ஸ்பி என்றால்: யார் சர்வர் என்பதை முடிவு செய்யுங்கள்

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டு கணினிகளும் தினமும் பேச வேண்டுமா, அல்லது பழையதிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துவிட்டால் போதுமா என்பது. பெரும்பாலான வீடுகளில் பதில் இரண்டாவது. அப்படியென்றால் நெட்வொர்க்கே வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் புதிய கணினியில் படித்துவிடலாம். வாங்கும் முன் டிஸ்க் ஐடிஇ வகையா, சாட்டா வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அகலமான 40 முள் இணைப்பு இருந்தால் ஐடிஇ. பென்டிரைவில் கொண்டுபோனால் அதன் ஃபார்மேட் ஃபேட்32 ஆக இருக்கட்டும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்றாலும் எக்ஸ்பி அதைச் சிக்கலில்லாமல் படிக்கும். எக்ஸ்ஃபேட் என்றால் எக்ஸ்பிக்குத் தனி அப்டேட் வேண்டும்.

தினமும் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், பாதுகாப்பானதிலிருந்து ஆபத்தானது வரை மூன்று வழிகள்:

1. நடுவில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டி. ராஸ்பெர்ரி பை போன்ற ஒன்றில் சாம்பாவை நிறுவி, அதில் மட்டும் எஸ்எம்பி 1-ஐ அனுமதிக்கலாம். எக்ஸ்பி அதனிடம் எஸ்எம்பி 1-இல் பேசும், புதிய கணினி எஸ்எம்பி 3-இல் பேசும். இடமாற்றத்துக்கான கோப்புகள் மட்டுமே அதில் இருக்க வேண்டும். வேறு பிரதி இல்லாத கோப்பை அங்கே வைக்காதீர்கள்.

2. எக்ஸ்பி சர்வர், புதியது கிளையன்ட். ஃபோல்டரை எக்ஸ்பியில் பகிருங்கள். புதிய கணினியில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலைத் திறந்தால் எஸ்எம்பி 1-க்குக் கீழே கிளையன்ட், சர்வர், தானாக நீக்குதல் என்று மூன்று கட்டங்கள் தனித்தனியாக இருக்கும். கிளையன்டை மட்டும் டிக் செய்யுங்கள். இதில் புதிய கணினி யாருக்கும் கதவு திறப்பதில்லை. அது போய்க் கேட்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்பி ஹோம் பதிப்பு நெட்வொர்க் வழியாக வருகிற எல்லோரையும் விருந்தினராகவே நடத்தும். ஆகவே 24எச்2 புரோவிலிருந்து போனால் மேலே சொன்ன விதியில் இடிக்கும். முதல் வழிதான் அப்போது மிச்சம்.

3. புதியது சர்வர், எக்ஸ்பி கிளையன்ட். இதற்குப் புதிய கணினியில் எஸ்எம்பி 1 சர்வரை ஆன் செய்ய வேண்டும். வான்னாக்ரை நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். அந்த ஓட்டை இன்று அடைக்கப்பட்டுவிட்டது, உண்மை. ஆனால் எஸ்எம்பி 1-இல் குறியாக்கமே (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) கிடையாது, நடுவில் நுழைபவரைத் தடுக்கப் பின்னால் வந்த ஏற்பாடுகளும் கிடையாது. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் தடுக்கும் என்பதும் உண்மை. வீட்டுக்குள்ளேயே வைரஸ் பிடித்த இன்னொரு லேப்டாப் வந்து வைஃபையில் சேர்ந்தால் ரவுட்டர் எதையும் தடுக்காது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் பணமும் படங்களும் அடையாள ஆவணங்களும் இருக்கிற கணினி அது.

## பிரிண்டர் ஏன் தனித் தலைவலி

கோப்பு பகிரப்படும்போது உள்ளது உள்ளபடி பயணிக்கும். பிரிண்டருக்குப் போகும் பக்கத்தை முதலில் அதற்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்வது டிரைவர். எல்பிபி 2900, லேசர்ஜெட் 1020 போன்றவை ஹோஸ்ட் வகைப் பிரிண்டர்கள்: பக்கத்தைத் தயாரிக்கும் வேலையெல்லாம் கணினியில் நடக்கும், பிரிண்டர் அச்சடிக்க மட்டும் செய்யும். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சரியான டிரைவர் இல்லாவிட்டால் இவற்றிலிருந்து ஒரு எழுத்துகூட வராது.

பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கும்போது விண்டோஸ், சர்வர் கணினியிலிருந்தே டிரைவரை இழுத்துக்கொள்ளப் பார்க்கும். பழைய கணினி பெரும்பாலும் 32 பிட், விண்டோஸ் 11 எப்போதும் 64 பிட். அந்த டிரைவர் இங்கே பொருந்தாது. பொருந்தினாலும் இன்னொரு தடை உண்டு. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியே வந்தது. அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சேவை வழியாக, டிரைவர் என்ற பெயரில் எந்த நிரலையும் முழு அதிகாரத்தோடு ஓட்ட முடிந்தது. அடுத்த மாதமே, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. செப்டம்பரில் வந்த அப்டேட், பிரிண்டருக்கான உரையாடல் குறியாக்கத்தோடு நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 11பி என்று முடியும் பிழை எண் அதன் பிறகுதான் வீடு வீடாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு கணினியில் அந்த அப்டேட் இருந்து மற்றதில் இல்லாதபோது இணைப்பு மறுக்கப்படுவதுண்டு. 2022-இல் வந்த விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு, இந்த உரையாடல் நடக்கும் பாதையையே மாற்றியது. 709 என்று முடியும் பிழை அதனால் வருவதுண்டு.

விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் 11பி மறைந்துவிடும் என்று பல இடங்களில் சொல்வார்கள். மறையும், அதோடு அந்தக் கணினிக்குக் கிடைத்த பாதுகாப்பும் மறையும். அதைத் தொடாமலே அச்சடிக்க ஒரு வழி இருக்கிறது:

1. பழைய கணினியில் பிரிண்டரைப் பகிர்ந்து, இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயர் கொடுங்கள்.
2. புதிய கணினியில் அந்தப் பிரிண்டருக்கான 64 பிட் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள்.
3. பழைய கணினியின் ஐபியை ஒருமுறை திறந்து, பகிர்வுக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேமியுங்கள்.
4. பிரிண்டரைச் சேர்க்கும்போது 'லோக்கல் பிரிண்டர்' என்பதைத் தேர்ந்து, புதிதாக ஒரு லோக்கல் போர்ட் உருவாக்குங்கள். போர்ட்டின் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, ஐபி முகவரி, ஒரு பின்சாய்வுக் கோடு, பிரிண்டரின் பகிர்வுப் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள்.
5. டிரைவர் பட்டியலில் நீங்கள் நிறுவியதைத் தேருங்கள்.

இந்த முறையில் டிரைவர் புதிய கணினியிலேயே இருக்கிறது. தயாரான பக்கம் வெறும் தரவாக எஸ்எம்பி வழியே போகிறது. தடை போடப்பட்ட அந்த உரையாடலுக்கே இடமில்லை. தாள் தீர்ந்துவிட்டது, டோனர் தீர்ந்துவிட்டது மாதிரியான தகவல்கள் திரும்பி வராது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய கணினி விண்டோஸ் 7 என்றால் எஸ்எம்பி 1 இதற்கும் தேவையில்லை.

பிரிண்டரிலேயே லேன் போர்ட்டோ வைஃபையோ இருந்தால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு கணினியும் நேரடியாக அதன் ஐபிக்கு, வழக்கமாக 9100 என்ற போர்ட்டில், அனுப்பலாம். யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டரை லினக்ஸ் பெட்டியில் மாட்டி, கப்ஸ் என்ற அச்சு மென்பொருளால் ஐபிபி என்ற அச்சு நெறிமுறையில் பகிர்வதும் நல்ல தீர்வு. விண்டோஸ் 11-க்கும் ஐபிபி தெரியும், எக்ஸ்பிக்கும் தெரியும், போனிலிருந்துகூட அச்சடிக்கலாம். ஹோஸ்ட் வகைப் பிரிண்டர் என்றால் அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். லேசர்ஜெட் 1020-க்கு எச்பியின் கூடுதல் ப்ளக்-இன் வேண்டும்.

இன்னும் சில வருடங்களில் இந்த வழிகள் மேலும் குறுகும். மற்ற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. 24எச்2-இல் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒரு வசதி இருக்கிறது. இயல்பில் அணைந்திருக்கும். ஆன் செய்தால் தயாரிப்பாளரின் டிரைவரை நம்பியிருக்கும் பிரிண்டர்கள் எல்லாம் நீங்கிவிடும். பழைய பிரிண்டர் உள்ள வீட்டில் அதைத் தொட வேண்டாம். உங்கள் பிரிண்டருக்கான 64 பிட் டிரைவரின் நிறுவல் கோப்பு தயாரிப்பாளரின் தளத்தில் இன்று கிடைக்கிறது என்றால், இன்றே இறக்கி ஒரு பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பி கணினியை நெட்வொர்க்கில் வைத்திருப்பவர்கள் ரவுட்டரில் அதற்கு மட்டும் இணையத்தைத் தடுத்துவிடுங்கள். பல ரவுட்டர்களில் 'பேரன்டல் கன்ட்ரோல்' அல்லது 'ஆக்சஸ் கன்ட்ரோல்' பகுதியில் இது இருக்கும். வீட்டுக்குள் கோப்பும் அச்சும் பழையபடி நடக்கும்.